சளிக்குள் வாழும் வைரஸ்கள்

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளியின் நுரையீரலில் குடியேறும் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியா அங்கே தனியாக இருப்பதில்லை. அதைத் தொற்றும் வைரஸ்களும் அதே சளியில் இருக்கின்றன; சில அந்தப் பாக்டீரியாவின் மரபணுத் தொகுதிக்குள்ளேயே ஒடுங்கிக் கிடக்கின்றன. பாக்டீரியாவில் மட்டும் பெருகக்கூடிய இவ்வகை வைரஸுக்கு பாக்டீரியோஃபேஜ், சுருக்கமாகப் பேஜ், என்று பெயர். நுரையீரல் தொற்று எப்படி வேரூன்றுகிறது, மருந்துக்கு ஏன் அடங்குவதில்லை, அதை ஒடுக்க வேறு வழி உண்டா என்ற கேள்விகள் எல்லாவற்றிலும் பேஜுக்குப் பங்கு உண்டு. செஞ்சியில் 1997இல் பிறந்து 2015இல் இறந்த ஒரு சிறுவனின் நோயை அருகிலிருந்து பார்த்த நினைவைக் கொண்டு அந்தப் பங்கு இங்கே விளக்கப்படுகிறது. அவன் இக்கட்டுரையாளரின் அக்காள் மகன்.

நோயின் வேர் ஏழாம் குரோமோசோமில் உள்ள சி.எஃப்.டி.ஆர். என்ற மரபணுவில் இருக்கிறது. லாப்-சீ சூய், ஜான் ரியோர்டன், ஃபிரான்சிஸ் காலின்ஸ் ஆகியோரின் குழுக்கள் 1989இல் அதைக் கண்டறிந்தன. செல்லின் மேற்பரப்பில் குளோரைடு போய்வரும் வாயிலாக அமையும் புரதத்தை அது உருவாக்குகிறது. வாயில் பழுதானால் உறுப்புகளுக்குள் சுரக்கும் கோழை நீர்ப்பதம் இழந்து கெட்டிப்படும். கணையக் குழாய்கள் அடைபட்டுச் செரிமான நொதி குடலுக்கு வராமல் போகும். நுரையீரலில் சளி தேங்கும். வியர்வையில் நடப்பது வேறு: உடல் திரும்ப உறிஞ்சிக்கொள்ள வேண்டிய உப்பு தோலிலேயே தங்கிவிடும்.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய் வரும். ஒரு பிரதி மட்டும் உள்ளவர் நோயின்றி வாழ்வார். தனக்குள் அது இருப்பதே அவருக்குத் தெரியாது. அப்படிப்பட்ட இருவர் மணந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. சொந்தத்துக்குள் பெண் எடுக்கும் குடும்பங்களில் ஒரே பழுது இரு பக்கத்திலிருந்தும் வந்து சேரும் வாய்ப்புக் கூடுகிறது. இக்கட்டுரையாளரின் அக்கா தாய்மாமனைக் கட்டிக்கொண்டவர். செஞ்சிப் பக்கத்து விவசாயக் குடும்பங்களில் அது அன்று முறை. நிலமும் பிரியாது, பெண்ணும் கண்ணெதிரில் இருப்பாள். அந்தக் கல்யாணப் பேச்சில் மரபணுவைப் பற்றி யாரும் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் கேட்டிருக்கமாட்டார்கள்.

உப்பை முதலில் கண்டுபிடித்தவர் சிறுவனின் ஆயா, அம்மாவைப் பெற்றவர். "ஏண்டி, புள்ள நெத்தியில முத்தம் வச்சா உப்பு கரிக்குதுடி" என்று மகளிடம் சொன்னார். வெயிலில் கிடந்த பிள்ளை அப்படித்தான் இருக்கும் என்று அந்தப் பேச்சு முடிந்தது. ஐரோப்பிய நாட்டுப்புறங்களிலும் இதே அறிகுறி பல நூற்றாண்டுகளாகத் தெரிந்திருந்தது. நெற்றி உப்புக் கரிக்கும் குழந்தை நிலைக்காது என்று அங்கே நம்பினார்கள். மருத்துவத்துக்கு அது எட்டியது மிகத் தாமதமாகத்தான். டோரதி ஆண்டர்சன் 1938இல் இந்த நோயை முழுமையாக விவரித்தபோதுகூட வியர்வை பற்றிய செய்தி அதில் இல்லை. 1948இல் நியூயார்க்கில் வெப்ப அலை வீசியபோது, உடலில் நீர் வற்றி மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்கள் அதிகமாக இருந்தார்கள். அந்தத் தடயத்தைப் பின்தொடர்ந்த பால் டி சான்ட் ஆக்னீஸ் 1953இல் வியர்வையின் உப்பை அளந்து காட்டினார். இன்றும் நோயை உறுதிசெய்யும் வியர்வைச் சோதனை 1959இல் கிப்சன், குக் இருவரும் வகுத்த முறையில் நடப்பதுதான். லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் குளோரைடு இருந்தால் நோய் என்று கொள்ளலாம்.

செஞ்சியின் கோடைக்கும் நியூயார்க்கின் வெப்ப அலைக்கும் ஒப்பீடே கிடையாது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளும் வெறும் பாறை. பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவில் கக்குகின்றன. இரண்டு வயதில், கத்திரி வெயிலில், சிறுவன் துவண்டு விழுந்தான். வாந்தி இல்லாமலே உடலில் சோடியமும் பொட்டாசியமும் குறைந்திருந்தன. குளுக்கோஸும் உப்பு நீரும் ஏற்றிய பிறகு எழுந்து உட்கார்ந்தான். வெப்ப நாடுகளில் இந்த நோய் முதன்முதலில் தலைகாட்டும் வழிகளில் இதுவும் ஒன்று என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் பலர் எழுதியிருக்கும் செய்தி. அன்று அதை யாரும் அந்தக் கோணத்தில் பார்க்கவில்லை.

செஞ்சி மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விளையும் சீமை. சிறுவன் மல்லாட்டையும் வெல்லமும் அள்ளித் தின்பான். கை கால் குச்சியாகவே இருந்தன. மலம் எண்ணெய் மிதக்க, நாற்றமடித்துப் போனது. கொழுப்பு செரிக்காமல் அப்படியே வெளியேறுகிறது என்பதன் தெளிவான அடையாளம் அது. சவலை என்றார்கள். மேல்மலையனூர்க் கோயிலிலிருந்து மந்திரித்த கயிறு வந்தது. இருமல் நிற்காதபோது ஒரு மருத்துவமனையில் காசநோய் என்று முடிவுகட்டி ஆறு மாதம் மருந்து கொடுத்தார்கள். சளியில் காசநோய்க் கிருமி ஒருமுறையும் தென்படவில்லை. இந்தியாவில் இந்த நோயுள்ள குழந்தைகள் பலருக்கு நேர்வது இதுதான். வெள்ளையருக்கு மட்டும் வரும் நோய் என்ற எண்ணம் நெடுங்காலம் மருத்துவர்களிடமே இருந்தது. இந்தியக் குழந்தைகளைப் பற்றிய முதல் அறிக்கைகள் 1968இல்தான் வெளிவந்தன. பின்னர் தில்லி எய்ம்ஸில் எஸ்.கே. கப்ராவின் குழு, விலை குறைந்த உள்நாட்டு முறையில் வியர்வை சேகரிப்பதை நடைமுறைக்குக் கொண்டுவந்து, நோய் இங்கும் இருக்கிறது என்பதை ஐயமின்றி நிறுவியது.

சிறுவனின் நோய்க்குப் பெயர் கிடைத்தது ஏழாம் வயதில், வேலூரில். செஞ்சியிலிருந்து சேத்துப்பட்டு, ஆரணி வழியாக ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். அதன் பிறகு வீட்டின் காலைப்பொழுது மாறியது. நெபுலைசரில் உப்பு நீர் ஆவி பிடிக்க வேண்டும். பிறகு தலையணை மேல் குப்புறப் படுக்கவைத்து, உள்ளங்கையைக் குவித்து முதுகில் தட்ட வேண்டும். அப்போதுதான் சளி அசையும். அக்கா தட்டும் சத்தம் தெருவுக்குக் கேட்கும். பிள்ளையை அடிக்கிறாள் என்று புதிதாகக் குடிவந்தவர்கள் எட்டிப் பார்த்ததுண்டு. சாப்பாட்டோடு கணைய நொதி மாத்திரை, வெயில் நாளில் உப்புப் போட்ட மோர், பள்ளிக்கூடப் பையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம். இவற்றில் எதுவும் நோயைத் தீர்ப்பதல்ல. எல்லாம் தொற்றைத் தள்ளிப்போடும் வேலைகள். அவற்றைச் சரியாகச் செய்த வீட்டுக்கும் செய்யாத வீட்டுக்கும் இடையே பல ஆண்டுகள் வித்தியாசம் விழும்.

தொற்று வந்தே தீரும். முதலில் பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ், பிறகு சூடோமோனாஸ். இரண்டாவது கிருமி மண்ணிலும் தேங்கிய நீரிலும் ஈரக் குழாய்களிலும் சரியாகக் காய வைக்காத நெபுலைசர் கிண்ணத்திலும் வாழ்வது. குளத்தில் இறங்கக் கூடாது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். ராஜகிரி அடிவாரத்துச் செட்டிக்குளத்தில் ஊர்ப் பிள்ளைகள் குதித்தபோது அவன் கரையில் உட்கார்ந்திருந்தான். சில முறை அவனும் குதித்தான் என்பது பின்னாளில் தெரியவந்தது. தொற்று அங்கிருந்துதான் வந்தது என்று சொல்ல ஆதாரமில்லை. வீட்டுக் குழாயிலிருந்தே வந்திருக்கலாம்.

ஆரோக்கியமான நுரையீரலில் நுழையும் சூடோமோனாஸ் உடனே துடைத்தெறியப்படும். கெட்டிச் சளிக்குள் அது தங்கிவிட்டால் நடத்தையை மாற்றிக்கொள்கிறது. நீந்துவதை விடுகிறது, ஆல்ஜினேட் என்ற வழவழப்பான பொருளைச் சுரந்து கூட்டமாக அதற்குள் பதுங்குகிறது. பயோஃபிலிம் எனப்படும் இந்தப் படலத்துக்குள் மருந்தும் வெள்ளணுவும் எளிதில் எட்டுவதில்லை. பன்னிரண்டாம் வயதுக்குப் பிறகு சிறுவனின் கல்ச்சர் ரிப்போர்ட்டில் "மியூக்காய்டு", அதாவது வழவழப்பானது, என்ற சொல் வரத் தொடங்கியது. அந்தத் தாள்களை அக்கா ஒரு மஞ்சள் பையில் வைத்திருந்தார். செஃப்டாசிடிம், அமிகாசின், சிப்ரோஃப்ளாக்சசின், மெரோபெனம் என மருந்துகளின் பட்டியலும் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எழுத்தும் இருக்கும். அடங்கும் என்று காட்டும் எழுத்து ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்தது. வைரஸைப் பற்றி எந்தத் தாளிலும் ஒரு வரி இல்லை. கல்ச்சர் சோதனை அதைத் தேடுவதே இல்லை.

பேஜின் வரலாற்றில் இந்தியாவுக்குத் தொடக்கத்திலேயே இடமுண்டு. ஆக்ராவில் பணியாற்றிய எர்னஸ்ட் ஹான்கின், கங்கை, யமுனை நீர் காலராக் கிருமியைக் கொல்வதையும், கொதிக்கவைத்தால் அந்த ஆற்றல் போய்விடுவதையும் 1896இல் எழுதினார். அது பேஜின் வேலைதான் என்று இன்று பலர் கருதுகிறார்கள். அவர் கையில் அதற்கான நிரூபணம் இருக்கவில்லை. 1915இல் பிரிட்டனின் ஃபிரெடரிக் ட்வர்ட், 1917இல் பாரிஸில் ஃபெலிக்ஸ் டெரெல் ஆகியோர்தான் கண்டுபிடித்தவர்களாக அறியப்படுகிறார்கள். டெரெல் 1927இல் இந்தியா வந்து காலராவுக்குப் பேஜ் கொடுத்துப் பார்த்தார். பாட்னாவில் இகோர் அஷெஷோவ் தலைமையில் ஆய்வு நடந்தது. அசாமில் மோரிசன் ஊர் ஊராகப் பேஜ் விநியோகித்தார். பென்சிலின் காலம் வந்ததும் இவையெல்லாம் மறக்கப்பட்டன. ஜார்ஜியாவின் திபிலிசியில் 1923இல் தொடங்கிய எலியாவா நிறுவனம் போன்ற ஓரிரு இடங்களில் மட்டும் பேஜ் சிகிச்சை விடாமல் நடந்தது.

பேஜுக்கு முக்கியமாக இரண்டு வாழ்க்கை முறைகள் உண்டு. இவ்விஷயத்தில் எல்லாமே இந்த வேறுபாட்டைப் பொறுத்துத்தான். ஒரு வகை பாக்டீரியாவுக்குள் தன் மரபுப்பொருளைச் செலுத்தி, நூற்றுக்கணக்கில் பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியேறும். மற்ற வகை கொல்லாமல் பாக்டீரியாவின் மரபணுத் தொகுதியோடு தன்னை இணைத்துக்கொண்டு, அது பெருகும்போதெல்லாம் தானும் படியெடுக்கப்படும். வீட்டோடு மாப்பிள்ளை போல. ஆனால் நெருக்கடி வந்தால் இதுவும் விழித்து, வீட்டை உடைத்துக்கொண்டு கிளம்பும். அப்படி விழிக்கவைக்கும் நெருக்கடிகளில் ஒன்று சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்து.

இந்த உறங்கும் பேஜுகள் நோயாளிக்கு நல்லவையா கெட்டவையா? இரண்டுக்கும் சான்று இருக்கிறது. லிவர்பூலில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் சூடோமோனாஸின் ஒரே ரகம் நோயாளியிலிருந்து நோயாளிக்குப் பரவியதை 1996இல் கண்டுபிடித்தார்கள். இந்த நோயுள்ளவர்கள் ஒருவரையொருவர் நேரில் சந்திக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டை வலுப்படுத்திய நிகழ்வுகளில் அதுவும் ஒன்று. 2009இல் அந்த ரகத்தின் மரபணுத் தொகுதி வாசிக்கப்பட்டபோது அதற்குள் பல பேஜுகள் உறங்கிக்கொண்டிருந்தன. அவற்றில் சிலவற்றைச் சிதைத்தால் எலியின் நுரையீரலில் மற்ற ரகங்களோடு போட்டியிட்டு நிலைக்கும் திறனைப் பாக்டீரியா இழந்தது. அதாவது பேஜ் அதற்கு ஆயுதமாக இருந்தது. லிவர்பூல் குழுவே 2015இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. நோயாளிகளின் சளியை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து அளந்ததில், பாக்டீரியாவைவிடப் பல மடங்கு அதிகமாகப் பேஜ் துகள்கள் மிதந்தன. பேஜ் கூடிய இடத்தில் பாக்டீரியா குறைவாக இருந்தது. எந்த மருத்துவரும் கொடுக்காமலே, நுரையீரலுக்குள் ஒரு பேஜ் சிகிச்சை ஓரளவு நடந்துகொண்டிருக்கிறது என்றுதான் அதைப் படிக்க முடிகிறது.

பி.எஃப். என்ற இழைவடிவப் பேஜின் கதையில் இந்த இரட்டைத்தன்மை இல்லை. அது நோயாளிக்குப் பகைதான். சுமார் இரண்டு மைக்ரோமீட்டர் நீளமும் மிகக் குறைந்த தடிமனும் கொண்ட இந்த நூல்கள் பாக்டீரியாவைக் கொல்லாமலே வெளியேறிக்கொண்டிருக்கும். சளியில் உள்ள டி.என்.ஏ., மியூசின் ஆகியவற்றோடு சேர்ந்து வரிசையாக அடுக்கிக்கொண்டு திரவப் படிகமாகிவிடும் என்பதை பேட்ரிக் செகோர், பால் பொலிக்கி ஆகியோர் 2015இல் காட்டினார்கள். அப்படி அமையும் படலம் மேலும் பிசுபிசுப்பாகிறது, காய்வதில்லை, டோப்ராமைசின் போன்ற மருந்துகளைப் பிடித்து நிறுத்திக்கொள்கிறது. 2019இல் வந்த ஆய்வுகள் இன்னும் கவலை தருபவை. பி.எஃப். உள்ள நோயாளிகள் வயதில் மூத்தவர்களாகவும், மருந்துக்கு அடங்காத கிருமி உள்ளவர்களாகவும் இருந்தார்கள். இந்த வைரஸை வெள்ளணு விழுங்கினால், வைரஸுக்கு எதிரான எச்சரிக்கை எழுந்து, பாக்டீரியாவைத் துடைக்கும் வேலை தளர்ந்துபோகிறது என்பதும் எலிகளில் தெரியவந்தது. செஞ்சிச் சிறுவனின் சளியில் பி.எஃப். இருந்ததா என்று சொல்ல வழியில்லை. இருந்திருந்தால், கடைசி மூன்று ஆண்டுகளில் மருந்து ஏறியும் சளி இளகாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

2015 மழைக்காலத்தில் அவன் இறந்தான், பதினெட்டு முடிந்திருந்தது. வேண்டுமென்றே ஒரு பேஜைத் தேர்ந்தெடுத்து நுரையீரல் தொற்றுக்குக் கொடுத்த பேர்பெற்ற சிகிச்சைகள் அதற்குப் பின்னரே நடந்தன. லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில், இதே நோயால் இரு நுரையீரல்களும் மாற்றப்பட்ட பதினைந்து வயதுப் பெண்ணுக்கு மைக்கோபாக்டீரியம் அப்செசஸ் என்ற கிருமி உடலெங்கும் பரவியிருந்தது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கிரஹாம் ஹாட்ஃபுல், தன்னிடமிருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பேஜுகளின் சேகரிப்பிலிருந்து மூன்றைத் தேர்ந்தார். அவற்றில் ஒன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அழுகிய கத்திரிக்காய் ஒன்றிலிருந்து ஒரு மாணவி பிரித்தெடுத்தது. மற்ற இரண்டும் உறங்கும் வகை. அவற்றை உறங்கவைக்கும் மரபணுவை வெட்டி எறிந்து, கொல்லும் வகையாக மாற்றினார்கள். 2018 ஜூனில் நாளம் வழியாகச் செலுத்தத் தொடங்கினார்கள். புண்கள் ஆறின, கல்லீரல் முடிச்சுகள் கரைந்தன. 2019இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த இந்த அறிக்கையில் கிருமி முற்றிலும் ஒழிந்தது என்று யாரும் எழுதவில்லை. கட்டுக்குள் வந்தது என்பதே அதன் செய்தி. அதே வகைக் கிருமிகளுக்கு இருபது பேருக்குக் கொடுத்துப் பார்த்ததில் பதினொருவருக்குப் பயன் தெரிந்தது என்று அந்தக் குழு 2022இல் எழுதியது.

சூடோமோனாஸுக்கு நடந்தவற்றில் யேல் பல்கலைக்கழகத்தின் பெஞ்சமின் சான், ஜான் காஃப் ஆகியோரின் வேலை தனித்து நிற்கிறது. அவர்களின் யோசனை எளிமையானது. மருந்தை வெளியே தள்ளப் பாக்டீரியா பயன்படுத்தும் பம்ப்பையே பிடிமானமாகக் கொண்டு நுழையும் பேஜைக் கொடுத்தால், தப்பிக்க விரும்பும் பாக்டீரியா அந்தப் பம்ப்பைக் கைவிட வேண்டும்; கைவிட்டால் பழைய மருந்துக்கே அடங்கும். கிருமி பேஜுக்கு எதிர்ப்பு பெறுவதைத் தோல்வியாகக் கருதாமல், அந்த எதிர்ப்பின் விலையைத் தங்களுக்குச் சாதகமாகத் தேர்வுசெய்கிறார்கள். இந்த நோயுள்ள ஒன்பது பெரியவர்களுக்கு, அவரவர் கிருமிக்கேற்ற பேஜை நெபுலைசரில் கொடுத்த விவரம் 2025இல் வெளியானது. சளியில் சூடோமோனாஸ் வெகுவாகக் குறைந்தது. மூச்சளவு இடைநிலை மதிப்பில் ஆறு சதவீதம் உயர்ந்தது. ஆறு சதவீதம் என்பதைச் சிறிதாக எண்ண வேண்டியதில்லை. மாடிப்படியில் நின்று நின்று ஏறிய ஒருவரைப் பார்த்தவர்களுக்கு அதன் அளவு தெரியும்.

குறைகளும் உண்டு. ஒரு பேஜ் சில ரகங்களைத்தான் கொல்லும்; பக்கத்து நோயாளியின் சூடோமோனாஸை அது சீண்டாமலே விடலாம். நாளம் வழியாகச் செலுத்தினால் சிலருக்கு எதிர்ப்புப் புரதங்கள் உருவாகிப் பேஜைச் செயலிழக்கச் செய்கின்றன. செட்டிக்குளத்திலும் பேஜ் இருக்கும், சாக்கடையில் இன்னும் அதிகமாக இருக்கும்; ஆனால் சுத்திகரிக்காத நீரில் பேஜோடு கிருமியும் நச்சும் சேர்ந்தே வரும். ஆய்வகத்தில் பிரித்து, மரபணு வாசித்து, நச்சு நீக்கிய பிறகுதான் அது மருந்து.

மேலை நாடுகளில் நோயின் போக்கை மாற்றியது வேறொரு மருந்து. 2019 அக்டோபரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிரைகாஃப்டா, பழுதான வாயிலையே திருத்துகிறது. ஆண்டுக்கு மூன்று இலட்சம் டாலருக்கு மேல் விலை. எஃப்508டெல் என்ற பிறழ்வு உள்ளவர்களை மனத்தில் வைத்து உருவானது அது. இந்திய நோயாளிகளின் மரபணுப் பிரதிகளில் அந்தப் பிறழ்வு வெவ்வேறு ஆய்வுகளில் 19 முதல் 44 சதவீதம் வரைதான். ஐரோப்பிய வம்சத்தாரிடம் மிக அதிகம். விலை இறங்கினாலும் இங்கே பலருக்கு அது பொருந்தாது. தொற்றோடு நேரடியாக மல்லுக்கட்டும் வழிகள் இந்தியாவில் கூடுதலாகத் தேவைப்படுவது இதனால்தான்.

இந்தியாவில் வேலை நடக்காமல் இல்லை. வாராணசியின் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் கோபால் நாத் ஆறாத புண்களுக்குப் பேஜ் கலவை பூசிப் பலன் கண்டு எழுதியிருக்கிறார். வேலூர் வி.ஐ.டி.யில் நாச்சிமுத்து ரமேஷின் ஆய்வகம் மருந்தெதிர்ப்புக் கிருமிகளுக்கான பேஜுகளைத் தேடிச் சேர்க்கிறது. பெங்களூரில் ஜே. ராமச்சந்திரன் 2000இல் தொடங்கிய கங்காஜென், பேஜின் புரதத்திலிருந்தே ஸ்டஃபைலோகாக்கஸுக்கு மருந்து உருவாக்க முனைந்தது. செஞ்சியிலிருந்து சிறுவனைக் கூட்டிப்போன அதே வேலூரில் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவமனையும் பேஜ் தேடும் ஆய்வகமும் சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றன.

பேஜைத் தேர்ந்தெடுக்க நோயாளியின் சொந்தக் கிருமி உயிரோடு வேண்டும். வழக்கமான ஆய்வகத்தில் ரிப்போர்ட் எழுதி முடிந்ததும் கல்ச்சர் தட்டுகள் ஆட்டோகிளேவில் வெந்து குப்பைக்குப் போகும். மஞ்சள் பையில் மிஞ்சுவது தாள்தான். இந்தச் சிகிச்சையைப் பற்றி விசாரிக்கும் குடும்பம் மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது, வளர்ந்த கிருமியை கிளிசரால் கலந்து மைனஸ் 80 டிகிரியில் எடுத்து வைக்க முடியுமா என்பதை.